அலெக்சாண்ட்ரியாவுக்குக் குறுகிய பயணம்: எதை விடுவது, எங்கே நிற்பது

அலெக்சாண்ட்ரியா என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவு வருவது மூன்று: கலங்கரை விளக்கம், நூலகம், அலெக்சாண்டரின் கல்லறை. மூன்றுமே இப்போது அங்கே இல்லை. விளக்கம் நிலநடுக்கங்களில் சரிந்தது. நூலகம் எப்போது, யாரால் அழிந்தது என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கல்லறை இருந்த இடமே யாருக்கும் தெரியாது. கெய்ரோவில் இருப்பவர்களைக் கேட்டால், "அங்க என்ன இருக்கு, காலைல போயிட்டு ராத்திரி வந்துடலாம்" என்பார்கள். பயண ஏற்பாட்டாளர்களும் அப்படித்தான் விற்கிறார்கள்: விடிகாலை வேன், ஐந்தாறு இடம், நடுவில் மீன் சாப்பாடு, இரவு மறுபடி கெய்ரோ.

என் தங்கை கணவருக்குக் கெய்ரோவில் வேலை. அவர்களைப் பார்க்க அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோதுதான் அலெக்சாண்ட்ரியாவையும் சேர்த்துக்கொண்டோம். அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி உண்டு. அதனால் வேன் யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, ரயிலில் போய், அங்கேயே தங்கி, அரை நாளுக்கு ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டோம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கும் இந்தத் திட்டமே சரி என்பது என் கட்சி. இல்லாமல் போனவற்றின் பெயரைக் கேட்டு வருகிற ஊர் இது. வேனில் ஓடினால் இல்லாததை மட்டும்தான் பார்க்க முடியும். மிச்சமிருப்பது பெரும்பாலும் தரைக்குக் கீழே, சந்துக்குள்ளே, கடலடியிலே கிடக்கிறது. அதற்கு நேரம் வேண்டும்.

முதலில் பருவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கெய்ரோவின் வெயிலுக்குத் தப்பிக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அறை வாடகை ஏறும், கடலோரச் சாலையில் வண்டி நகராது. குளிர்காலம் வேறு மாதிரி. பாலைவன நாடு என்று நம்பிக் குடை இல்லாமல் போகக்கூடாது. எகிப்தில் அதிகம் மழை பெறும் பகுதிகளில் ஒன்று இது. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் என்பது நமக்கு ஒன்றுமில்லைதான், ஆனால் அத்தனையும் சில புயல்நாட்களில் கொட்டித் தெருக்களை நிரப்பிவிடும். அந்தப் புயல்களுக்கு மீனவர்கள் பெயர் வைத்து நாள் குறித்திருக்கிறார்கள். நவம்பர் நடுவில் வருவது மக்னஸா, டிசம்பர் தொடக்கத்தில் வருவது காசிம், இப்படி மார்ச் வரை ஒரு வரிசை. ஊர்க்காரர்கள் அதை நம் ஆட்கள் அக்னி நட்சத்திரத்தைச் சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்கள். வசந்த காலம் இதமானது, ஆனால் கம்சீன் என்ற புழுதிக்காற்று சில நாட்கள் வீசும். நாங்கள் தேர்ந்தெடுத்தது அக்டோபர் கடைசி. மக்னஸாவுக்கு முன், கோடைக் கூட்டத்துக்குப் பின். புரட்டாசி முடிந்திருந்ததால் மீனுக்கும் தடையில்லை, அம்மாவுக்கு அது முக்கியம்.

வார விடுமுறை அங்கே வெள்ளியும் சனியும். வியாழன் மாலை கெய்ரோவிலிருந்து போகும் ரயிலும் சனி மாலை திரும்பும் ரயிலும் நிரம்பி வழியும். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். புதிய நூலகத்துக்கு வெள்ளி, சனியில் நேரக்கணக்கே வேறு. எனவே ஞாயிறு முதல் புதன் வரைக்குள் பயணத்தை அடக்குவது நல்லது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அதைத் தூதரகத்தின் தளத்திலேயே பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் கட்டணம் பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு, முகவரியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கெய்ரோவின் ராம்செஸ் நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஆப்பிரிக்காவிலேயே முதலில் போட்ட ரயில் பாதை இதுதான். 1854இல் ஒரு பகுதி திறந்து, 1856இல் கெய்ரோவை எட்டியது. பயணச்சீட்டில் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் அரபி இலக்கங்களிலும் இருக்கும், பெட்டியின் வெளியே பல சமயம் அவை மட்டும்தான் இருக்கும். இந்தப் பத்து உருவங்களையும் முந்தின இரவே படித்துக்கொண்டு போங்கள், ஊர் முழுக்க உதவும். புள்ளி வைத்தால் பூஜ்யம். வட்டம் போட்டால் அது பூஜ்யம் அல்ல, ஐந்து. நம் 7 போலத் தெரிவது ஆறு. மேலே திறந்து கீழே கூர்ந்தது ஏழு, அதையே கவிழ்த்தால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் நமக்குப் பழகியவைதான். அம்மா ரயிலில் உட்கார்ந்தபடி எதிரே போகும் லாரிகளின் எண்களை வாசித்து வாசித்து எங்களுக்கு முன் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

பன்ஹா, தன்தா, தமன்ஹூர் என்று வண்டி நைல் டெல்டாவுக்குள் போகிறது. வாய்க்கால், கரையோர மரம், தீவனப் பசுமை, எருமை. "திருவாரூர் போற பாசஞ்சர் மாதிரியே இருக்குடி" என்றார் அம்மா. நாகப்பட்டினத்துக்காரர், டெல்டா என்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இறங்கும் இடத்தில் கவனம் வேண்டும். அலெக்சாண்ட்ரியாவில் இரண்டு பெரிய நிலையங்கள். முதலில் வருவது சிதி காபர், கிழக்குப் பகுதிக்கானது. பெட்டியில் பாதிப் பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள். பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் அடுத்ததாக, கடைசியாக வரும் மஸ்ர் நிலையத்தில்தான் இறங்க வேண்டும். மாப்பிள்ளை கெய்ரோவிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: "அத்தை, யார் எழுந்தாலும் நீங்க எழுந்துக்காதீங்க. வண்டி அதுக்கு மேல போகாதுன்னு ஆனப்புறம் இறங்குங்க."

இனி ஊரின் வடிவம். இதைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் முடிந்தது. வடக்கே மத்தியதரைக் கடல், தெற்கே மரியூத் ஏரி, நடுவில் ஐம்பது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நீளப் பட்டை. அகலம் குறைவு, நீளம் அதிகம். கடலோரச் சாலையான கார்னிஷ் மட்டும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓடுகிறது. நமக்கு வேண்டியவை எல்லாம் மேற்குப் பக்கம் ஒரு முக்கோணத்துக்குள் இருக்கின்றன. கடல் முனையில் அன்ஃபூஷியும் கைத்பே கோட்டையும், கிழக்கே ஷாத்பியில் புதிய நூலகம், தெற்கே மஸ்ர் நிலையத்தைத் தாண்டிக் கர்மூஸில் தூணும் நிலவறைக் கல்லறையும். மூன்றுக்கும் நடுவில், டிராம் நிலையத்தை ஒட்டிய ராம்ல் ஸ்டேஷன் பகுதி. அங்கே தங்குங்கள், வேறு யோசனை வேண்டாம்.

ராம்ல் ஸ்டேஷன் பக்கத்து விடுதிகள் இரண்டு வகை. 1929இல் கட்டிய செசில் போன்ற பழைய பெரிய விடுதிகள் சதுக்கத்தைப் பார்த்து நிற்கின்றன. மற்றவை பழைய அடுக்குமாடிகளின் நான்காம், ஐந்தாம் தளங்களில் இருக்கும் சின்னத் தங்கும் இடங்கள். மரக்கதவும் இரும்புக் கிராதியும் வைத்த லிஃப்ட், உயரமான கூரை, பால்கனி. வாடகை மலிவு, அழகும் உண்டு. பெரியவர்களோடு போனால் மட்டும் முன்பதிவுக்கு முன்பே லிஃப்ட் ஓடுகிறதா, அது எந்தத் தளம் வரை போகிறது, அதற்கு முன் எத்தனை படி என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். கடல் பார்த்த அறை என்றால் எல்லோருக்கும் ஆசை. அது கார்னிஷையும் பார்த்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது, அங்கே ஹாரன் நள்ளிரவு தாண்டியும் ஓயாது. தூக்கம் மெல்லிசாக இருப்பவர்கள் பக்கவாட்டு அறையைக் கேளுங்கள்.

முதல் அரை நாளைக் கர்மூஸுக்குக் கொடுத்தோம். கோம் எல் ஷொகாஃபா என்ற நிலவறைக் கல்லறையும் பொம்பேயின் தூணும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கும் தூரம்தான். தூணுக்கு ரோமத் தளபதி பொம்பேயோடு ஒரு தொடர்பும் இல்லை. கிபி 300ஐ ஒட்டி ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனுக்கு எடுத்த வெற்றித்தூண் அது. அஸ்வான் சிவப்புக் கருங்கல், அடிபீடத்தோடு ஏறக்குறைய 27 மீட்டர், தண்டு முழுக்க ஒற்றைக்கல். சுற்றிலும் இருப்பது சராபிஸ் என்ற கடவுளின் கோயில் மேடு. பழைய நூலகத்தின் கிளை ஒன்று இங்கே இருந்ததாகப் பழைய எழுத்துகள் சொல்கின்றன. 391ஐ ஒட்டிக் கிறிஸ்தவக் கூட்டம் கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கியது. தூணை நிமிர்ந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். கீழே பாறையில் குடைந்த பாதைகள் இருக்கின்றன, சுவரில் மாடங்கள் வரிசையாக. அங்கேயும் இறங்கிப் பாருங்கள்.

நிலவறைக் கல்லறை இந்த ஊரின் தனிச்சொத்து. 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளிப்பட்டது என்பது எல்லா வழிகாட்டியும் சொல்லும் கதை. கிபி இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் ஒரு கிணறு, அதைச் சுற்றி இறங்கும் 99 படிகள். உடல்களைக் கிணற்றின் வழியே கயிற்றில் இறக்கினார்கள், உறவினர்கள் படியில் இறங்கினார்கள். முதல் தளத்தில் ஒரு சாப்பாட்டு அறை, கல்லிலேயே வெட்டிய சாய்வுத் திண்ணைகளோடு. இறந்தவருக்குப் படையல் வைத்து, தாங்களும் அங்கேயே உண்டு, பாத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே உடைத்துப் போட்டுவிடுவார்களாம். முக்கியக் கல்லறையின் வாசலில் எகிப்தியக் கடவுள் அனுபிஸ் நிற்கிறார், நாய்த்தலை, உடம்பில் ரோமச் சிப்பாயின் கவசம். வாசலின் பாம்புகள் தலையில் பாரோவின் கிரீடம், அவற்றுக்கு மேலே கேடயத்தில் பாம்புக் கூந்தல் கொண்ட கிரேக்க அரக்கி மெதூசா. மூன்று மதம், ஒரே சுவர். யாரோ ஒரு பணக்காரக் குடும்பம் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் அழைத்து வைத்திருக்கிறது.

பல ஆண்டுகள் நிலத்தடி நீரில் கிடந்த இடம். 2019இல் நீரை வெளியேற்றும் திட்டம் முடிந்தபின் நிலைமை எவ்வளவோ மேல். அம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். "நீ போயிட்டு வா, நான் இங்க நிழல்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். காவலாளி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். 99 படி என்பதை முன்பே தெரிந்துகொண்டு போனதால் யாருக்கும் ஏமாற்றமில்லை. பெரியவர்களோடு போகிறவர்கள் எந்த இடத்திலும் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் படிக்கட்டுதான், நுழைவுக் கட்டணம் அப்புறம்.

தெற்குப் பக்கத்திலேயே நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பக்கத்து மிளகும் துணியும் தந்தமும் இந்த ஊருக்குக் கடல் வழியாக வந்து சேரவில்லை. செங்கடல் துறையில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைலில் படகேறி, வாய்க்கால் வழியே மரியூத் ஏரிக்கு வந்தன. கடல் துறைமுகத்தைவிட இந்த ஏரித் துறைமுகம்தான் செல்வம் மிக்கது என்று பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். இப்போது வியன்னாவில் இருக்கும் இரண்டாம் நூற்றாண்டுப் பப்பைரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று, முசிறியிலிருந்து ஹெர்மபொலோன் என்ற கப்பலில் வந்த சரக்குக்கான கடன் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. சரக்கை அலெக்சாண்ட்ரியாவின் கிடங்கில் வைத்து நாலில் ஒரு பங்கு வரி பிடிப்பார்கள். சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயம். சேர நாட்டு மிளகுக் கொடிக்கும் இந்தக் கர்மூஸ் சந்துக்கும் நடுவே அப்படி ஒரு பாதை ஓடியிருக்கிறது. அதைச் சொல்லும் பலகை எதையும் நான் அங்கே பார்க்கவில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அடுத்த அரை நாள் கோம் எல் திக்கா. மஸ்ர் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் வேன் பயணிகள் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். ரோம அரங்கு ஒன்று, பளிங்கு இருக்கைகள் அரைவட்டமாக. படம் எடுக்க அழகாக இருக்கும். அதோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1960 முதல் போலந்து நாட்டு அகழ்வாய்வாளர்கள் இங்கே தோண்டி வருகிறார்கள். அரங்கை ஒட்டி நீளமான ஒரு வரிசையில் 20க்கும் மேற்பட்ட அறைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் சுவரை ஒட்டி மூன்று பக்கமும் கல் பெஞ்சுகள் படிபடியாக. ஒரு முனையில் மட்டும் உயரமான தனி இருக்கை, அதற்கு ஏறப் படி. பல அறைகளில் நடுத்தரையில் ஒரு கல் மேடை. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரை இங்கே வகுப்புகள் நடந்திருக்கின்றன. இலக்கணம், பேச்சுக்கலை, தத்துவம் எல்லாம் சொல்லிக்கொடுத்த உயர்கல்வி இடம் என்று கருதுகிறார்கள்.

இங்கே படிக்கட்டுத் தொல்லை இல்லை. அம்மா ஒவ்வோர் அறையாகப் போனார். உயர இருக்கையைப் பார்த்தவுடனே, "இது வாத்தியார் இடம். பையன் நடுவுல நின்னு ஒப்பிக்கணும், மத்தவன் எல்லாம் சுத்தி உட்கார்ந்து பார்க்கணும்" என்றார். பலகையில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான். பிறகு பெஞ்சின் உயரத்தைக் கையால் அளந்தார், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று பார்த்தார், ஓர் அறைக்கு முப்பது பேர்தான் தாங்கும் என்று கணக்குப் போட்டார். முப்பத்தைந்து வருடம் அறுபது பிள்ளைகளை ஒரு வகுப்பில் அடைத்துப் பாடம் நடத்தியவருக்கு அந்த முப்பது பேர் விஷயம் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நூலகம் போய்விட்டது, நூலகத்தின் பட்டியல்கூடப் போய்விட்டது. பூமியின் சுற்றளவை நிழலை வைத்து அளந்த எரடோஸ்தனீஸ் உலவிய ஊரில், படிப்பு நடந்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி என்று மிஞ்சியிருப்பது அவருக்கு ஏழெட்டு நூற்றாண்டு பிந்திய இந்த வகுப்பறைகள். ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கோட்டையை அல்ல. அதே வளாகத்தில் பறவைகள் வில்லா என்ற வீட்டின் தரை மொசைக்குக்கு (வண்ணக் கல்துண்டுகள் பதித்த ஓவியம்) மட்டும் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும், வாயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து கிரேக்க–ரோம அருங்காட்சியகம் அருகில்தான். 1892இல் தொடங்கியது, 2005 முதல் மூடிக் கிடந்து 2023 அக்டோபரில் மறுபடி திறந்தது. பழைய வழிகாட்டி நூல்களில் இன்னும் மூடியிருப்பதாகப் போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். சராபிஸ் கோயிலில் கிடைத்த, ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் காளைச் சிலையும், கப்பல் முகப்பைக் கிரீடமாக அணிந்த பெண்ணின் மொசைக்கும் தவறவிடக்கூடாதவை. மற்றவற்றைக் கால் சொல்லும் அளவுக்குப் பார்த்தால் போதும்.

புதிய நூலகம் 2002இல் திறந்தது. கடலைப் பார்த்துச் சாய்ந்த பெரிய வட்டம், 160 மீட்டர் விட்டம். வெளிச்சுவர் அஸ்வான் கருங்கல், உலகத்தின் 120 எழுத்துமுறைகளிலிருந்து எடுத்த எழுத்துகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே வாசிப்பு மண்டபம் 11 அடுக்காக இறங்குகிறது. பெரிய பையை வாசலுக்கு வெளியே ஒப்படைக்க வேண்டும், கடவுச்சீட்டையும் பணத்தையும் சின்னப் பைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பொதுச் சீட்டோடு உள்ளே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். இந்தக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்த நாய் மொசைக் அங்கேதான் இருக்கிறது. கவிழ்ந்த செம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இல்லை என்பதுபோல் பார்க்கும் நாய். நாய் வளர்ப்பவர்கள் நகரவே மாட்டார்கள்.

இன்னோர் அரை நாள் அன்ஃபூஷி. கைத்பே கோட்டையை மம்லூக் சுல்தான் 1477இல் கட்டத் தொடங்கினார், கலங்கரை விளக்கம் நின்ற அதே முனையில். விளக்கத்தைக் கிமு மூன்றாம் நூற்றாண்டில் எழுப்பினார்கள், உயரம் 100 மீட்டருக்கு மேல். 1303இன் நிலநடுக்கம் அதைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது. மிச்சம் கடலடியில் கிடக்கிறது. 1994 முதல் முக்குளித்து ஆராய்கிறார்கள், 2025இல் 22 பெரிய கற்களைத் தூக்கி எடுத்து அளந்தார்கள். நூலக வாசலில் நிற்கும், எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்து டாலமி அரசர் சிலையும் கோட்டைக்குப் பக்கத்துக் கடலிலிருந்து வந்ததுதான். கோட்டைக்குத் திறந்தவுடன் போனால் நிம்மதி, பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்துவிடும். பிள்ளைகள் "ஹலோ, வாட் இஸ் யுவர் நேம்" என்று சூழ்ந்துகொள்வார்கள். அம்மாவின் புடவைக்கு நல்ல வரவேற்பு. இந்தப் பக்கம் ராஸ் எல் தீன் அரண்மனையும் கடற்படைப் பகுதியும் இருக்கின்றன. அங்கே கேமராவைத் தூக்க வேண்டாம். ரயில் நிலையம், காவல் சாவடி, சிப்பாய்கள், இவற்றுக்கும் அதே விதி.

அந்த அரண்மனையிலிருந்துதான் 1952 ஜூலை 26 அன்று அரசர் ஃபாரூக் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார். நான்கு வருடம் கழித்து அதே ஜூலை 26இல், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள மன்ஷியா சதுக்கத்தில் நின்று அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதாக அறிவித்தார். டாக்சியில் அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம், இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை.

சாப்பாடு. அன்ஃபூஷியில் மீனை ஐஸில் பரப்பி வைத்திருப்பார்கள், நாமே தேர்ந்தெடுத்து எடை போட்டு, எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். பூரி என்று அவர்கள் அழைக்கும் மீனைப் பார்த்ததும் அம்மா, "மடவைடி இது" என்றார். செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேறு மீனைக் காட்டினார். கோதுமைத் தவிடு பூசி நேரடித் தீயில் சுட்டால் ரத்தா. தோல் கருகிப்போகும், உள்ளே சதை ஈரமாக இருக்கும், தோலை உரித்துவிட்டுச் சாப்பிடுவது. முதுகைப் பிளந்து விரித்து வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் வைத்துச் சுட்டால் சிங்காரி. வெங்காயத்தைக் கருக வதக்கி வடிக்கும் சயாதியா சோறு அதற்குத் துணை. பணம் பற்றி ஒன்றே ஒன்று: கிலோ விலை மட்டும் கேட்டு உட்காராதீர்கள். எடை முள்ளைப் பார்த்து, சமையல் கூலி, சோறு, சாலட், தஹீனா என்ற எள்ளு விழுது, ரொட்டி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். மேற்கொண்டு சண்டை வராது.

ஊர் பெயரிலேயே இருக்கும் கிப்தா இஸ்கந்தரானி என்ற ரொட்டி, பூண்டும் பச்சைமிளகாயும் போட்ட ஈரல். பெரும்பாலும் மாட்டு ஈரல், வேண்டாதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்குக் கவலை இல்லை. காலையில் ஃபூல் என்ற, மொச்சை போன்ற பயறுக் கூட்டு, சுடச்சுட ஃபலாஃபல் என்ற வடை, எப்போதும் கொஷாரி. கொஷாரியில் சோறும் பாஸ்தாவும் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு. காரச் சாற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், தமிழ் நாக்குக்கு அது இல்லாமல் இறங்காது.

ஊருக்குள் போக்குவரத்துக்குச் செயலி வழி டாக்சி எளிது. கறுப்பு–மஞ்சள் டாக்சிகளில் ஏறும் முன்பே தொகை பேசிவிட வேண்டும். 1863இல் தொடங்கிய ராம்ல் டிராம் புதுப்பிப்புத் திட்டத்தில் சிக்கியிருப்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஓடினால் ஒரு சவாரி போய் வாருங்கள். உண்மையான ஆபத்து கார்னிஷைக் கடப்பதில். பல தடங்கள், வேகம் குறையாத வண்டிகள். சில இடங்களில் சுரங்க நடைபாதை உண்டு, சற்று நடந்தாலும் அதையே பிடியுங்கள். அம்மாவோடு இருந்தபோது எதிர்ப்பக்கக் கடைக்கே டாக்சி பிடித்த சம்பவமும் நடந்தது, வெட்கமில்லை. தொல்பொருள் இடங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்துக்குக் கார்டுதான், பணம் வாங்க மாட்டார்கள். மறுபக்கம் கழிப்பறை, நாற்காலி போட்ட காவலாளி, டீ, எல்லாவற்றுக்கும் சின்ன நோட்டு வேண்டும். பெரிய நோட்டைச் சூப்பர் மார்க்கெட்டில் காலையிலேயே உடைத்துக்கொள்ளுங்கள், தெருவில் யாரிடமும் சில்லறை இருக்காது, இருந்தாலும் தரமாட்டார்கள்.

விட வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டு. மொன்தஸா அரண்மனைத் தோட்டம் கிழக்குக் கோடியில் இருக்கிறது. போய்வரவே நேரம் கரையும், நாம் பார்க்கப் போவது தோட்டமும் வெளிச்சுவரும்தான். எல் அலமெய்ன் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர். 1942 போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டமும், தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் கொண்ட நினைவிடமும் இருக்கின்றன. குடும்பத்தில் யாராவது அந்தப் போருக்குப் போனவர் இருந்தால் ஒரு முழு நாளை அதற்கென்றே ஒதுக்குங்கள். மற்றபடி கோட்டைக்கும் மீனுக்கும் நடுவில் செருக வேண்டாம்.

மாலைகளைக் காலியாக விடுங்கள். ராம்ல் ஸ்டேஷன் பக்கம் நூறு வருடப் பழைய கேக் கடைகள், அத்தாரீனில் பழம்பொருள் சந்துகள், மன்ஷியாவின் நெருக்கமான துணிக்கடைத் தெருக்கள், எதுவும் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமில்லை. கிரேக்கர்களும் இத்தாலியர்களும் ஆர்மீனியர்களும் பெருமளவில் வாழ்ந்த காலத்துப் பெயர்ப்பலகைகள் இன்னும் சில வாசல்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1956க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலானோர் போய்விட்டார்கள்.

திரும்பும் ரயிலுக்கு மஸ்ர் நிலையத்திலேயே ஏறுங்கள். வண்டி அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் முன்கூட்டியே வந்து நிற்கும், பெட்டியைத் தேடி, மூட்டையை ஏற்றி, பெரியவர்களை உட்கார வைக்க அவகாசம் கிடைக்கும். சிதி காபரில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும், நடைமேடை முழுக்கக் கூட்டம். நிலையத்துக்கு வெளியே ஃபலாஃபல் ரொட்டி சுற்றி வாங்கிக்கொண்டு ஏறினோம். தமன்ஹூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது, இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.